மூச்சு விட ஒன்று

முதலில் டவுசரைத்தான் சந்தேகப்பட்டேன்.
நாலு வயசுப் பையன், விளையாட்டு அவசரத்தில்
நனைத்திருப்பான்.
மோந்து பார்த்தேன். இல்லை.
பிறகு காது, தொப்புள், விரலிடுக்கு,
கடைவாயில் சொத்தை விழுந்த பல்.
கேஸ் எங்கே கசிகிறதென்று
ட்யூபைத் தடவிக்கொண்டே போகிறவள் மாதிரி
அவன் உடம்பெல்லாம் மூக்கை வைத்தேன்.
எந்த இடத்திலும் இல்லை.
எல்லா இடத்திலும் இருந்தது.

வாளியில் ஊறப்போட்டு மறந்த துணி,
அதற்கடியில் ஏதோ ஒன்று இனிப்பாய் அழுகுகிற மாதிரி.
எபி ஓடிப்போன பிறகும்
அவன் நின்ற இடத்தில் நிற்கும்.

எங்கள் தெருவில் வாடைக்குக் கணக்குண்டு.
காற்று திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பைமேடு,
நடுராத்திரி மணலிப் பக்கத்து வாயு,
மழைக்கு மறுநாள் கால்வாய்.
கொடியில் காய்ந்த துணியை மோந்தே
காற்று எந்தப் பக்கமென்று சொல்வேன்.
இது அந்தக் கணக்கில் வராதது.

தண்ணி லாரி வராத நாளிலும் ரெண்டு குளியல்.
வேப்பிலை, பயத்தமாவு, எலுமிச்சைத் தோல்.
பவுடர் போட்டால்
பவுடர் போட்ட நாத்தம்.
"மீன நிறுத்திப் பாரேன்" என்றாள் மாடிவீட்டு நசீமா.
மீனை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன்.
பூண்டில்லாத ரசத்தை
மூணு வாரம் மூணு பேரும் பேசாமல் குடித்தோம்.
வியாசர்பாடியில் நாளெல்லாம்
ஆட்டோ சீட்டுக்குப் பஞ்சு அடைத்துவிட்டு வரும் கபிரியேல்
தன் சட்டையைத் தானே மோந்து பார்த்தார்.
என் வேர்வைதான் புள்ளைக்கு ஒட்டுதோ என்று
பாயைச் சுருட்டிக்கொண்டு போய்
கதவோரம் படுத்தார்.

பால்வாடியில் எபியை
ஜன்னல் பக்கம் தனியாக உட்காரவைத்தார்கள்.
டீச்சர் நல்லவர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்:
"தெனம் குளிப்பாட்டுறீங்களாம்மா?"
அந்த ஒரு கேள்வியை
வாரம் முழுக்க அவன் முதுகில் தேய்த்தேன்.
"தோலு எரியுதும்மா" என்றான்.
அப்போதுதான் கையை நிறுத்திப் பார்த்தேன்.
சிவந்து கிடந்தது.

ஸ்டான்லியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று
பதினொன்றரை ஆனது.
பக்கத்திலிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து
எங்களுக்கு மட்டும் பெஞ்சு காலியானது.
டாக்டர் சின்னப் பெண்.
கழுத்தில் இறங்கிக் கிடந்த மாஸ்க்கை
ஏற்றிக்கொள்ளவில்லை; அதை நான் பார்த்தேன்.
"சளி ஒரு பக்கம் மட்டுந்தான் வருதா?"

எத்தனை தடவை துடைத்திருப்பேன்
இந்த முந்தானையால்.
ஒரு பக்கம் மட்டும்.

போர்வையில் சுற்றி நர்ஸ் பிடித்துக்கொள்ள
நெற்றி விளக்கோடு குனிந்தார்.
எபி கத்தியதில் வராண்டா எட்டிப் பார்த்தது.
இடுக்கியின் முனையில்
பட்டாணி அளவு, பச்சையும் கறுப்புமாய்,
ஓரத்தில் மட்டும் பழைய மஞ்சள்.
அறை முழுக்க அந்த வாடை எழும்பி
ஃபேனுக்கடியில் சுற்றியது.
எனக்குத் தெரியும் அந்த மஞ்சள்.
கபிரியேல் வெட்டிப்போட்ட துண்டுப் பஞ்சில்
நான் தைத்த தலையணை,
மூலையில் வாய் பிரிந்தது.

"ஏன்டா அடச்சிக்கின?"
"குப்ப நாத்தம் வந்துச்சுல்ல."
"அப்ப இன்னொரு மூக்கு?"
என்னை ஒரு மாதிரி பார்த்தான்:
"அதுலதான் மூச்சு வுடணும்."

சிரித்தார் டாக்டர். நானும் சிரித்தேன்.
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான்
அழுகை வந்தது.

சாயங்காலமே உடம்பில் ஒன்றுமில்லை.
கழுத்தில் கொஞ்சம் துரு,
ஜன்னல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான்.
உச்சந்தலையில் வெயில்.
தலையணையின் வாயை ரெட்டைத் தையல் போட்டு மூடினேன்.
கபிரியேல் கேட்காமலே
பாயை நடுவே கொண்டுவந்து விரித்தார்.

ராத்திரி காற்று திரும்பியது.
குப்பைமேடு ஒரு ஆள் மாதிரி உள்ளே வந்தது.
எபி புரண்டு வந்து
என் கைக்கடியில் முகத்தைப் புதைத்தான்.
நான் அசையவில்லை.
"அம்மா, பூண்டு" என்றான் தூக்கத்தில்.
"இன்னிக்கிப் போட்டேன்டா."